ஓஎஸ் புதிதாகப் போட்ட பிறகு வரும் கோளாறுகள்: எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடவே கூடாது

விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டதும் கணினி முன்பைவிட மோசமாக நடந்துகொள்வது சகஜம். வைஃபை வராது, சத்தம் கேட்காது, திரையில் எல்லாம் பூதாகரமாகத் தெரியும், டி டிரைவைக் காணோம் என்று தேட வேண்டியிருக்கும். இதைக் கண்டதும் பலர் பென் டிரைவைச் செருகி இன்னொரு முறை ஓஎஸ் போடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் உழைப்பு. அதே ஃபைல்கள் அதே இடத்தில் போய் உட்காரும், அதே குறைகளும் திரும்ப வரும். பழைய விண்டோஸோடு சேர்ந்து டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்), அனுமதி, பூட்டுச் சாவி, எழுத்துரு என்று பல பொருள்கள் போய்விட்டன. அவற்றில் எது இல்லாததால் எது வேலை செய்யவில்லை என்று பார்த்துத் திரும்ப வைப்பதுதான் இங்கே வேலை.

கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி 11ஐத் தாங்குமென்றால் இன்னும் 10ஐ நிறுவி அதைச் சரிசெய்து கொண்டிருப்பதில் லாபமில்லை.

கடிகாரம்

யாரும் முதலில் பார்க்காத இடம் இது. பார்க்க ஆகும் நேரம் 10 நொடி. தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் அடம்பிடிக்கும், ஆக்டிவேஷன் (விண்டோஸ் உரிமத்தை உறுதிசெய்வது) நடக்காது, அப்டேட் இறங்காது. தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி 2015இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. நேரத்தைக் கையால் திருத்திய பிறகும், மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அது பின்னோக்கி ஓடினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் உங்கள் நேர மண்டலத்தின் வித்தியாசம் அப்படியே பிசகும். பேட்டரி மாற்றி இது தீராது. லினக்ஸ் பக்கம் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதும்.

இணையம் இல்லாமல் இணையத்துக்கான டிரைவரை எடுப்பது

வைஃபை டிரைவர் வேண்டுமென்றால் இணையம் வேண்டும். இணையம் வேண்டுமென்றால் வைஃபை டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலுக்கு மூன்று வழி உண்டு.

எளியது ஆண்ட்ராய்டு போன். அதை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். விண்டோஸ் இதைக் கம்பிவழி நெட்வொர்க் கார்டாகவே பார்க்கும். அதற்கான டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. போன் சார்ஜ் மட்டும் ஆகி வேறொன்றும் நடக்கவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், தரவுக்கான கம்பி இருக்காது.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. நிறுவும்போது சி டிரைவை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே போட்டிருந்தால், அங்கே விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெபாசிட்டரி என்று வரிசையாக இறங்கிப் போனால், பழைய நிறுவலில் இருந்த டிரைவர்கள் எல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் சிக்கலான சாதனத்தை வலது சொடுக்கி, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லி, கணினியிலேயே தேடும் வழியைத் தேர்ந்து, இந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள் ஃபோல்டர்களையும் சேர்த்துத் தேடும் பெட்டியில் டிக் இருக்க வேண்டும். விண்டோஸ் இந்தப் பழைய ஃபோல்டரைச் சில நாளில் தானே அழித்துவிடக்கூடும். தேவைப்படுவதை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவது. லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை வைத்தும், டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டு மாடலை வைத்தும் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். மதர்போர்டு மாடலைத் தெரிந்துகொள்ளப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியில் இருக்கும். எல்லா டிரைவரையும் அள்ளிக்கொண்டு வர வேண்டியதில்லை. லேன் அல்லது வைஃபை டிரைவர் ஒன்று போதும், மிச்சத்தை அந்தக் கணினியே எடுத்துக்கொள்ளும்.

இணையம் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஓடவிடுங்கள். முதல் சுற்றில் வராத டிரைவர் இரண்டாவதில் வருவது வழக்கம். அதன்பிறகு மேம்பட்ட விருப்பங்களுக்குள் விருப்ப அப்டேட்கள் என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். டிரைவர்கள் அங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கும்.

டிவைஸ் மேனேஜரை வாசிப்பது

விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கிறது. மஞ்சள் முக்கோணம் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு பாக்கி. இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் ஒரு எண் தெரியும். 28 என்றால் டிரைவரே இல்லை, போட்டால் தீர்ந்தது. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் சாதனத்தைக் கிளப்ப முடியவில்லை. பெரும்பாலும் தவறான பதிப்பு. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை; பழைய சாதனங்களில் இது வரும், தயாரிப்பாளரின் புதிய பதிப்பைத் தேட வேண்டும். இதற்காகக் கையொப்பச் சோதனையை நிரந்தரமாக அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். 43தான் கொஞ்சம் கவலைக்குரியது. சாதனமே தனக்குக் கோளாறு என்று சொல்லிவிட்டது என்பது அதன் பொருள். யூஎஸ்பி சாதனம் என்றால் கழற்றி வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு என்றால் டிரைவரை முழுமையாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் 43 நின்றால் கார்டையே சந்தேகிக்கலாம்.

பெயரில்லாத சாதனங்களைக் கண்டு குழம்ப வேண்டாம், அவற்றுக்கு வழக்கமான முகங்கள் உண்டு. எஸ்எம் பஸ் கன்ட்ரோலர் என்று இருந்தால் சிப்செட் டிரைவர் போடவில்லை. பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர் என்றால் இன்டெல் கணினிகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர். நெட்வொர்க் கன்ட்ரோலர் பெரும்பாலும் வைஃபை, ஈதர்நெட் கன்ட்ரோலர் கம்பிவழி லேன். லேப்டாப்பில் பேஸ் சிஸ்டம் டிவைஸ் என்று வருவது பல நேரம் மெமரி கார்டு ரீடர்.

வெறுமனே அன்னோன் டிவைஸ் என்று மட்டும் இருந்தால் அதன் விவரங்கள் தாவலில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வென் (VEN) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 இன்டெல், 1002 ஏஎம்டி, 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். அடுத்து டெவ் (DEV) என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் அந்தச் சாதனத்தின் எண். இந்த இரண்டையும் சேர்த்துத் தேடினால் சாதனம் இன்னதென்று தெரிந்துவிடும். டிரைவரை மட்டும் தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காமல், தயாரிப்பாளரிடமிருந்தே எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் போட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இதைவிடத் தொல்லை. கிட்டத்தட்டப் பொருந்தும் டிரைவரைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஒரு வாரம் கழித்து நீலத்திரை வரும்போது எதனால் என்று யாருக்கும் தெரியாது.

போடும் வரிசையும் கொஞ்சம் முக்கியம். சிப்செட் முதலில், பிறகு நெட்வொர்க், கிராஃபிக்ஸ், ஆடியோ, கடைசியாக டச்பேடு, புளூடூத், கார்டு ரீடர் போன்றவை. சிப்செட் முன்னால் வருவதற்குக் காரணம், மற்ற சாதனங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் பாதைகளை அடையாளம் காட்டுவதே அதுதான். டச்பேடு செத்துக் கிடக்கும் இன்டெல் லேப்டாப்களில் டச்பேடு டிரைவரை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பயனில்லாமல் போவதும் இதனால்தான். பல மாடல்களில் டச்பேடு, சீரியல் ஐஓ என்ற இன்டெல் டிரைவர் வழியாகத்தான் பேசுகிறது. அது இல்லாதவரை டச்பேடு இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது.

டிரைவர் போட்டபின் ஷட் டவுன் செய்து ஆன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல. விண்டோஸின் கருப்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகக் கிளப்பும்.

திரையும் சத்தமும்

திரை மங்கலாகவோ பெரிதாகவோ இருந்து, டிஸ்ப்ளே அடாப்டர் பகுதியில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை, அவ்வளவுதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் விளையாட்டுகள் நொண்டினால், மானிட்டர் கேபிள் கார்டில் மாட்டியிருக்கிறதா, மதர்போர்டின் துளையில் மாட்டியிருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள். பெட்டியை நகர்த்திச் சுத்தம் செய்தபோது கேபிள் இடம் மாறியிருக்கும்.

சத்தம் வராவிட்டால் டிரைவரைத் தேடுவதற்கு முன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, ஒலி எதன் வழியாகப் போகிறது என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டதும் எச்டிஎம்ஐ வழி ஒலி இயல்பான வெளியீடாக மாறி, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

வெப்கேம், வீடியோ, மீடியா பிளேயர் எல்லாம் ஒருசேரச் சொதப்பினால் நிறுவிய பதிப்பின் பெயரைப் பாருங்கள். பெயரின் முடிவில் என் (N) என்ற எழுத்து இருந்தால் அது மீடியா பகுதிகள் நீக்கப்பட்ட பதிப்பு. விருப்ப அம்சங்களில் மீடியா ஃபீச்சர் பேக்கைச் சேர்த்தால் தீரும்.

காணாமல் போன டிரைவும் திறக்காத ஃபோல்டரும்

இங்கேதான் அவசரப்படுபவர்கள் தரவை இழக்கிறார்கள். டிரைவர் விஷயத்தில் செய்த தவறைத் திருத்தலாம். இங்கே தவறான பொத்தானை அழுத்தினால் திரும்ப வழியில்லை.

முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். காணாமல் போன பகுதி அங்கே நல்ல நிலையில், பெயரெழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால், வலது சொடுக்கி எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. அந்தப் பகுதி ரா (RAW, விண்டோஸால் வாசிக்க முடியாத நிலை) என்றோ, ஒதுக்கப்படாத இடம் என்றோ காட்டினால் கையை எடுத்துவிடுங்கள். இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் சிதைந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியால் மீட்க வாய்ப்பு உண்டு. ஃபார்மட் செய்துவிட்டால் ஹார்டு டிஸ்க்கில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வசதி, அந்த இடத்தைக் காலியென்று டிஸ்க்குக்கே சொல்லிவிடுவதால், மீட்பு பெரும்பாலும் கைகூடாது.

டிரைவில் பூட்டுப் படம் தெரிந்து 48 இலக்க மீட்புச் சாவி கேட்டால் அது பிட்லாக்கர், டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. நேற்றுவரை கேட்காதது இன்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: டி டிரைவைத் தானாகத் திறக்கும் சாவி பழைய விண்டோஸுக்குள் இருந்தது, அதோடு போய்விட்டது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் மீட்புச் சாவிகள் பகுதியில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளை அங்குள்ளதோடு ஒப்பிட்டு எடுங்கள். பழைய பிரிண்ட் அவுட், பென் டிரைவில் சேமித்த டெக்ஸ்ட் ஃபைல், அலுவலகக் கணினியென்றால் அதன் நிர்வாகி என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். சாவி இல்லையென்றால் சுற்றுவழி எதுவும் கிடையாது, விலை கொடுத்தாலும் கிடையாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல கணினிகளில் குறியாக்கம் தானாக இயங்கிவிடும். ஆகவே இப்போது நிறுவியதற்கான புதுச் சாவியை இன்றே எடுத்து வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

டிரைவ் திறக்கிறது, ஃபோல்டர் மட்டும் அனுமதியில்லை என்கிறதா? பயனர் பெயரை முன்பு போலவே வைத்திருந்தாலும் விண்டோஸுக்கு நீங்கள் புது ஆள்தான். அது பெயரைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகத் தரப்படும் அடையாள எண்ணைத்தான் பார்க்கிறது. ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், உரிமையாளர் வரியில் மாற்று என்பதை அழுத்தி, உங்கள் இப்போதைய கணக்கைக் கொடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தும் பெட்டியில் டிக் போடுங்கள். தேவையான அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் செய்தால் விண்டோஸின் சொந்த அனுமதிகள் குலைந்து, இந்த முறை உண்மையிலேயே ஓஎஸ் மறுபடி போட வேண்டிவரும்.

உரிமை மாற்றினாலும் திறக்காதவை இரண்டு. பழைய விண்டோஸில் ஃபைல் அளவில் குறியாக்கம் செய்தவை, அவற்றின் சான்றிதழை ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் ஒழியத் திறக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படித்தான். குரோமின் பழைய புரொஃபைல் ஃபோல்டரை நகலெடுத்து வைத்தால் புக்மார்க்குகள் வரும், பாஸ்வேர்டுகள் வராது. பழைய பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை அவை.

கிளம்பும்போதே தகராறு

நிறுவல் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி நிறுவல் திரையே வந்தால் பென் டிரைவைப் பிடுங்குங்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் வேறொரு பொறி இருக்கிறது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டிருப்பீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி கிளம்ப மறுக்கும். காரணம், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த ஈஎஃப்ஐ பகுதியிலேயே (கணினியைக் கிளப்பும் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி) நிறுவும் மென்பொருள் தன் துவக்கக் கோப்புகளை எழுதிவிட்டிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் எந்த டிஸ்க்கின் வரிசையில் இருக்கிறது என்று பார்த்தால் உறுதியாகும். நிறுவியது சற்று முன்புதான் என்றால், மற்ற டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவுவதே குறைந்த வேலை. இரண்டாம் முறை நிறுவுவதற்கு நியாயமான காரணங்களில் இதுவும் ஒன்று.

லினக்ஸ் காணாமல் போய்விட்டது என்றால் பெரும்பாலும் போகவில்லை. விண்டோஸ் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் யூஇஎஃப்ஐ (பயாஸ்) அமைப்பில் துவக்க வரிசையை மாற்றினாலே திரும்ப வரும்.

11ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் உள்ள இன்டெல் லேப்டாப்களில் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாமல் போவது பெரும்பாலும் விஎம்டி என்ற, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பால். தயாரிப்பாளர் தரும் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பிரித்துப் பென் டிரைவில் வைத்து, நிறுவும் திரையில் ஏற்றலாம். அல்லது நிறுவுவதற்கு முன் பயாஸில் விஎம்டியை அணைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் பிறகு மாற்றாதீர்கள். நிறுவி முடித்தபின் அந்த அமைப்பைத் திருப்பினால் துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வரும். அப்படி வந்தால் பயாஸில் பழையபடி வைத்தாலே சரியாகிவிடும்.

ஆக்டிவேஷன்

ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த கணினியில் அதே பதிப்பைப் போட்டால், இணையம் வந்ததும் தானாக நடக்க வேண்டும். உரிமம் முக்கியமாக மதர்போர்டோடு பிணைந்தது. ராமும் டிஸ்க்கும் மாற்றினால் பொதுவாகப் பாதிக்காது. நடக்கவில்லை என்றால் நூற்றில் பெரும்பங்கு ஹோம், புரோ குழப்பம். ஹோம் பதிப்போடு வந்த லேப்டாப்பைப் பின்னாளில் புரோவாக்கியிருப்பீர்கள். நிறுவும் மென்பொருள் உங்களைக் கேட்காமலே மதர்போர்டில் பதிந்துள்ள ஹோம் சாவியை எடுத்து ஹோமையே போட்டுவிடும். ஆக்டிவேஷன் பக்கத்தில் சாவியை மாற்றும் இடத்தில் உங்கள் புரோ சாவியைக் கொடுங்கள். பிழை எண் எஃப்211 என்று முடிந்தால் வன்பொருள் மாறியிருக்கிறது. டிரபிள்ஷூட் என்பதை அழுத்தி, சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன் என்ற வழியில் போங்கள். உரிமம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைக்கப்பட்டிருந்தால்தான் அது உதவும். விண்டோஸ் 7, 8 சாவிகளைக் கொண்டு புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

மந்தமும் நீலத்திரையும்

முதல் நாள் மந்தத்தைக் கோளாறாக எண்ண வேண்டாம். அப்டேட், தேடல் அட்டவணை, வைரஸ் சோதனை, ஒன்டிரைவ் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். கணினியைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாமல் சில மணிநேரம் விட்டுவிடுங்கள். மறுநாளும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. முதலில் தரவை நகலெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

நிறுவும்போதே ஒருமுறை 30 சதவீதத்தில், இன்னொருமுறை 70இல் என்று வெவ்வேறு இடத்தில் முறிந்தால், அல்லது நீலத்திரையின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறினால், ராமைச் சந்தேகியுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற, ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனைக் கருவியை முழுமையாக 4 சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் ஆகாது. எப்போதும் ஒரே பெயரில் நீலத்திரை வந்தால் டிரைவராக இருக்கும் வாய்ப்பு அதிகம். கடைசியாகப் போட்டதை நீக்கிப் பாருங்கள்.

புரோகிராம்களும் எழுத்துகளும்

ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் இல்லை என்று புரோகிராம் நின்றால் அந்த ஃபைலைத் தனியாக இறக்கி வைக்காதீர்கள். 32, 64 பிட் மாறிப்போய் வேறு பிழை வரும், வைரஸும் சேர்ந்து வரலாம். பெயரில் விசிரன்டைம் அல்லது எம்எஸ்விசிபி என்று இருந்தால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பைப் போடுங்கள். 64 பிட் விண்டோஸிலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டுமே வேண்டும், ஏனென்றால் 32 பிட் புரோகிராம்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால் பழைய விளையாட்டுகளுக்கான டைரக்ட்எக்ஸ் 2010 ஜூன் தொகுப்பு தேவை. பழைய கணக்கு மென்பொருள்கள் டாட்நெட் 3.5 கேட்கும்; அது விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் இருக்கிறது, டிக் போட்டால் போதும்.

பழைய தமிழ் ஆவணங்களைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தால் ஃபைல் கெடவில்லை. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை அவை, அந்த எழுத்துரு பழைய விண்டோஸோடு போய்விட்டது. அதே எழுத்துருவை மறுபடி நிறுவினால் ஆவணம் உயிர்பெறும். கையோடு ஒரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிச் சேமித்துவிடுங்கள், அடுத்த ஓஎஸ் மாற்றத்தின்போது இந்தப் பயம் இருக்காது. தட்டச்சுக்குத் தனி மென்பொருளும் அவசியமில்லை. விண்டோஸ் 10இன் 1903 என்ற பதிப்பிலிருந்து தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகைப் பட்டியலில் தேர்ந்துகொள்ளலாம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், இப்போதைய சி டிரைவில் உள்ள அந்த ஃபைல்ரெபாசிட்டரி ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். அதே பென் டிரைவில் லேன் டிரைவரையும், எழுத்துரு ஃபைல்களையும் போடுங்கள். பிட்லாக்கர் சாவியை மட்டும் அதில் வைக்காமல் காகிதத்தில் எழுதி வையுங்கள்.